பீரோவுக்குப் பின்னால் ஏறிய ஓதம்

திருச்சியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடு முதல் தளத்தில் உள்ளது. சென்ற ஆண்டு ஐப்பசியில் படுக்கையறைச் சுவரில், பீரோவை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிப் பெயின்ட் பொரிந்து உதிரத் தொடங்கியபோது, அடைமழைக் காலமாயிற்றே என்று முதலில் மழையைத்தான் சந்தேகித்தோம். மழை விட்டு இரண்டு வாரம் நல்ல வெயில் அடித்த பிறகும் சுவர் காயவில்லை. அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை. கீசரிலிருந்து வெந்நீர்க் குழாய்க்கு இறங்கும் பைப் அதற்குள்தான் புதைந்திருக்கிறது.

வீட்டுப் பழுதுகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றை அழைத்தோம். வந்த பிளம்பர் நான்கு டைல்ஸைக் கொத்தி எடுத்து, கசிந்துகொண்டிருந்த எல்போவை, அதாவது பைப் திரும்பும் இடத்தில் போடும் வளைந்த இணைப்பை, அறுத்துவிட்டுப் புதிய எல்போவை ஒட்டி, பத்தே நிமிடத்தில் தண்ணீரைத் திறந்து, சொட்டவில்லை என்று காட்டியதும் சிமென்ட் பூசி மூடிவிட்டார். ரசீது 4,800 ரூபாய்க்கு வந்தது. அதன் அடியில் பொடி எழுத்தில் 30 நாள் உத்தரவாதம் என்று அச்சிட்டிருந்ததை நான் அன்று படிக்கக்கூட இல்லை.

பத்தொன்பதாம் நாள் ஓதம் அதே இடத்தில் திரும்பி வந்தது. நிறுவனத்துக்கு மூன்று முறை தொலைபேசினேன். மூன்று முறையும் வேறு வேறு ஆட்கள் எடுத்து, கதையை முதலிலிருந்து கேட்டு, இறுதியில் இது வேறு கசிவாக இருக்கும், புதிதாகப் பார்வையிடக் கட்டணம் உண்டு என்று ஒரே பதிலைச் சொன்னார்கள். மூன்றாவது அழைப்பில் நான் குரலை உயர்த்தியதுதான் மிச்சம். அதே கசிவுதான் என்று காட்ட என் கையில் எதுவும் இல்லை என்பது அதன் பிறகுதான் உறைத்தது.

எனவே பீரோவை நகர்த்தி, ஓதத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதினேன். மறுநாள் காலையில் ஈரம் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. அடுத்து, கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வை மட்டும் மூடிவிட்டு, குளிர்ந்த நீர்க் குழாயை வழக்கம்போலப் பயன்படுத்தினோம். குளிக்க வெந்நீர் அடுப்பில் வைத்துக்கொண்டோம். நான்கு நாளும் ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. குளித்த நீர் வெளியேறும் வழியில் ஓட்டை இருந்திருந்தால் அந்த நான்கு நாளும் ஓதம் ஏறியிருக்க வேண்டும். ஆகவே கசிவு கீசரிலிருந்து இறங்கும் வெந்நீர் வழியில்தான். வால்வைத் திறந்த மறுநாளே ஈரம் மீண்டும் கோட்டைத் தாண்டியது. ஒவ்வொரு கோட்டையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்தேன்.

பிறகு, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் சுவரைத் திறக்கப் போகிறோம், உங்கள் ஆளும் இருந்து பார்க்கலாம் என்று நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தேன். யாரும் வரவில்லை. என் மாமா அனுப்பிய வயதான பிளம்பர் ஒருவர் கொத்த, என் மனைவி முழுவதையும் கைப்பேசியில் படம்பிடித்தார். புதிய எல்போவைச் சற்று அழுத்தித் திருகியதும் பைப் கையோடு வந்துவிட்டது. "சார், பைப்பு பாதிகூட உள்ள போகல, பாருங்க" என்று அவர் நீட்டிய முனையில், ஒட்டும் சொல்யூஷன் படிந்த தடம் கால் அங்குலம்கூட இல்லை. எல்போவின் உள்ளே எதிர்ப்புறம் சொல்யூஷன் படாமல், பளபளப்பு மாறாமல் இருந்தது. வெந்நீருக்குப் போடும் சிபிவிசி பைப்பைச் சொல்யூஷன் தடவி, எல்போவின் அடிவரை செருகி, சற்றே திருகிச் சிறிது நேரம் பிடித்திருக்க வேண்டும். அது இறுக உரிய நேரம் கொடுத்த பிறகே தண்ணீர் விட வேண்டும். மொட்டை மாடித் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாய்க்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கும். பத்து நிமிடச் சோதனையில் தாக்குப்பிடித்த ஜாயிண்ட், வெந்நீரும் தண்ணீரும் மாறி மாறி ஓடியதில் மெல்ல விட்டுக்கொடுத்திருக்கிறது. பெரியவர் சரியாக ஒட்டிவிட்டு, சுவரை மூடாமல் இரண்டு நாள் திறந்தே வைக்கச் சொன்னார்.

படங்கள், காணொளி, ரசீது ஆகியவற்றை இணைத்து, 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தருமாறு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வராததால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேச முடிந்தது. புகாரைப் பதிவு செய்து எண் ஒன்று கொடுத்தார்கள். அவர்களுக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் கிடையாது, நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பதோடு சரி. ஆனாலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு என்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்பதும், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை என்பதும், வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம் என்பதும் எனக்குத் தைரியம் தந்தன. அதையும் அடுத்த மின்னஞ்சலில் பணிவாகவே குறிப்பிட்டேன்.

அதற்கு ஒன்பதாம் நாள் நிறுவனத்திலிருந்து ஒருவர் தாமாகவே அழைத்து, ஆளை இலவசமாக அனுப்புகிறோம் என்றார். வேலை முடிந்துவிட்டது, பணம் போதும் என்றேன். 4,800 ரூபாய் முழுவதும் வங்கிக் கணக்கில் வந்தது. பெயின்டுக்கும் இரண்டாவது முறை கொத்தியதற்கும் ஆன செலவைக் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். ஆணையத்துக்குப் போயிருந்தால் ஒருவேளை அதுவும் கிடைத்திருக்கும், ஆனால் அந்தத் தொகைக்காக நடையாய் நடக்க எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் டைல்ஸின் பழைய வடிவம் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால், நீலப் பூப்போட்ட குளியலறைச் சுவரின் நடுவே நான்கு வெள்ளை டைல்ஸ் மட்டும் தனியாகத் தெரிகின்றன. படுக்கையறைப் பக்கம் புதுப் பெயின்ட் அடித்தாயிற்று. பீரோவை மட்டும் இன்னும் பழைய இடத்துக்குத் தள்ளவில்லை.