எங்கள் கிணறும் எங்கள் மரக்கறியும்

எங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்கும் இடையில் 30 அடி தூரம்கூட இராது. அந்தத் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் மாறி மாறிச் செய்த காலத்தில், போகத்துக்கு எத்தனை அந்தர் யூரியா விசிறினோம் என்பதை நாங்கள் ஒருநாளும் கணக்கிட்டதில்லை. பேத்தி பிறந்தபோது வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர், குழந்தைக்குப் பால்மா கரைப்பதற்கு முன்னர் கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள் என்று கூறிச் சென்றார். பரிசோதித்தோம். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எங்கள் கிணறு அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. நைத்திரேற்று மிகுந்த தண்ணீரில் கரைத்த பாலைக் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி, ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலுவை இழந்து உடலை நீலம்பாரிக்கச் செய்யலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். கொதிக்கவைத்து ஆற்றினால் எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீராகிவிடும் என்று அதுவரை நம்பியிருந்தேன். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இல்லாத சேதன விவசாயத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் உண்பவரின் உடல்நலத்திலிருந்தே தொடங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் வாழும் நான் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரிமழை, செம்மண்ணுக்கூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குவதையே குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கும் இறைக்கிறோம். 50 கிலோ யூரியாப் பையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. அது மண்ணில் நைத்திரேற்றாக மாறியபின், பயிர் எடுத்துக்கொள்ளாத பங்கை மண்ணால் பிடித்துவைக்க முடிவதில்லை. அடுத்த மழையோ அடுத்த இறைப்போ அதைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. நெருக்கமாக அமைந்த மலகூடக் குழிகளும் இந்தக் குற்றத்தில் பங்காளிகளே. ஆயினும் தோட்டக்காரராகிய எங்கள் பங்கை அவற்றின் மேல் சுமத்திவிட்டுத் தப்ப முடியாது.

என்னுடைய ஐயா தோட்டம் செய்த முறை வேறு. வேலியிலிருந்து பூவரசங்குழையும் கிளிசரியாக் குழையும் வெட்டி மண்ணில் தாழ்ப்பார். பயிரில்லாத மாதங்களில் ஆட்டுக்காரரிடம் சொல்லி, எருவுக்காகத் தோட்டத்தில் பட்டி அடைப்பிப்பார். கூரை வேயக் கழித்த பழைய பனையோலையைக் கிடங்கு வெட்டிப் புதைப்பார். அந்த ஓலை மெல்ல உக்கி, செம்மண்ணில் ஈரத்தை நாட்கணக்கில் தாங்கி நிற்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில், ஈரம் தங்கும் மண் என்பது உடம்புக்குக் கிடைத்த ஓய்வு. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வந்தது. நீர் இறைக்கும் இயந்திரமும் பைப் பசளையும் கிருமிநாசினியும் தோட்டத்தில் நிலைகொண்டன. அந்த வருமானத்தில் படித்தவன் நான், ஆகவே அந்தத் தலைமுறையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்ததையும், விளைச்சல் விழுந்து அதே ஆண்டு நவம்பரில் தடையைக் கைவிட்டதையும் எடுத்துக்காட்டி, சேதன விவசாயம் சோறு போடாது என்று வாதிடுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை; பிழை அவசரத்தில்தான். நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் நைதரசன் இருக்கும். ஒரு பை யூரியாவுக்கு ஈடாக ஒன்றிலிருந்து இரண்டு தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். ஆடுமாடு குறைந்து, வேலிகள் மதிலாகிவிட்ட ஊரில், அத்தனை எருவை ஒரே போகத்தில் எங்கிருந்து எடுப்பது? ஐரோப்பிய நியமங்களே ஆண்டுப் பயிர் செய்யும் நிலம் சேதன முறைக்கு மாறக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கொடுக்கின்றன. எங்கள் விவசாயிகளுக்கு அந்த அவகாசம் கொடுக்கப்படவில்லை என்பதே என் மனவருத்தம்.

நானும் சேதன முறையை நான்கு பரப்பில்தான் தொடங்கினேன். முதலாம் போகத்தில் கத்தரியில் பாதியைக் காய்துளைப்பான் கொண்டுபோயிற்று. வேப்பங்கொட்டைச் சாறு அடித்தும், வாடிய குருத்துகளைத் தினமும் நுள்ளி எரித்தும், மூன்றாம் போகத்தில்தான் ஓரளவு கட்டுக்குள் கொண்டுவந்தேன். இடையில் பசளைக்காகச் சணல் விதைத்துப் பூக்கும் தறுவாயில் உழுது புரட்டினேன்; அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. வெங்காயம் அளவில் சிறுத்தது, ஆனால் பிடியாகக் கட்டிக் குசினியில் தூக்கிய வெங்காயம் முன்னரைப்போல விரைவில் அழுகவில்லை.

சந்தையில்தான் மனம் சோர்ந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஓர் அம்மா என் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து, ஒரு காயில் துளை கண்டதும் முழுவதையும் ஒதுக்கிவிட்டு, மினுமினுத்த காய்களை வாங்கிப் போனார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மினுமினுப்புக்காகத்தான், மருந்துப் போத்தலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடியுமுன்னரே சிலர் மருந்தடித்த காயை ஆய்ந்து சந்தைக்கு அனுப்புகிறார்கள். துளையுள்ள காயையும் நியாயமான விலைக்கு வாங்க நான்கு வீடுகள் முன்வந்தால், ஒரு தோட்டக்காரர் மருந்துப் போத்தலைக் கீழே வைக்கத் துணிவார். என் அயலில் இப்போது ஏழு வீடுகள் அவ்வாறு வாங்குகின்றன. சனிக்கிழமை காலையில் தோட்டத்துக்கே வந்து, கீரையும் பயிற்றங்காயும் தங்கள் கண்முன் பிடுங்குவித்துக்கொண்டு போகிறார்கள். சான்றிதழ் எடுக்க என்னிடம் பணமில்லை, அவர்களும் கேட்டதில்லை.

பேத்திக்கு இன்னமும் வெளியிலிருந்து வாங்கிய தண்ணீர்தான் கொடுக்கிறோம். மாரி முடிந்து கிணறு நிரம்பியதும், தை மாதத்தில் மீண்டும் ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்துக் காணிக்காரத் தம்பியிடமும் கேட்டிருக்கிறேன். தன் கிணற்றுத் தண்ணீரையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.