கத்திரி வந்தாச்சு, க்ரூப்பும் களைகட்டியாச்சு

மே 4 ஆச்சுன்னா எங்க வாட்ஸப் க்ரூப்ல பேச்சே மாறிடும். அதுவரைக்கும் பசங்க பரீட்சை, வீட்டு லோன், யாருக்கு மூட்டு வலி, யாரு வீட்ல கல்யாணம்னு ஓடிட்டிருக்கும். அன்னைக்கு காலைல வேலூர் அக்கா "கத்திரி பொறந்தாச்சு, ஆளாளுக்கு மோர் கரைச்சு வைங்க"ன்னு ஒரு மெசேஜ் தட்டுவாங்க பாருங்க, அவ்ளோதான், மே கடைசி வரைக்கும் வெயிலு, தண்ணி லாரி, மாங்கா, வத்தல், கரண்ட்டு, நுங்கு, இத விட்டா வேற பேச்சே கிடையாது. எனக்கு வருஷத்துல ரொம்ப புடிச்ச மாசம் இதுதான். வெயிலு புடிச்சு இல்ல, இந்த பேச்சு புடிச்சு.

நாங்க எல்லாரும் ஆர்குட் காலத்து ஆளுங்க. ஒரு சமையல் கம்யூனிட்டில ரசப்பொடிக்கு துவரம்பருப்பு வறுக்கணுமா வேணாமான்னு ஆரம்பிச்ச சண்டைல பழக்கமானவங்க. 2014ல ஆர்குட்ட மூடுனப்போ கூகுள் ப்ளஸ்ஸுக்கு போனோம், 2019ல அதையும் மூடிட்டாங்க, அப்புறம் வாட்ஸப்னு ஆகிப்போச்சு. இடம் மாற மாற கொஞ்ச பேரு கழண்டுக்கிட்டாங்க, மிச்சம் இருக்கிறவங்க கெட்டியா ஒட்டிக்கிட்டோம். யாரும் யாரையும் பேரு சொல்லி கூப்புடுறதில்ல, ஊரு பேருதான். வேலூர் அக்கா, தென்காசி அண்ணாச்சி, துபாய் தம்பி, கோவைக்காரி, டொரண்டோ அக்கா, நான் குரோம்பேட்டை. இதுல பாதி பேர நான் நேர்ல பாத்ததே இல்ல, ஆனா அவங்க வீட்டு அடுப்படில எந்த டப்பால என்ன இருக்குன்னு எனக்கு தெரியும்.

காலைல "இன்னிக்கு உங்க ஊர்ல எவ்ளோ?"ன்னு தொடங்கும். வேலூர்ல 41ன்னா அக்காவுக்கு அதுல ஒரு பெருமை. நான் 37ன்னு சொன்னா "அதெல்லாம் எங்க ஊரு பங்குனி வெயிலு"ம்பாங்க. அவங்களுக்கு எப்டி புரிய வைக்கிறது, சென்னைல ஆள கொல்றது வெயிலு இல்ல, வேர்வை. காத்துல ஏற்கனவே ஈரம் ஜாஸ்தி, வேர்த்தது காயாது, வேர்வை காஞ்சாத்தானே உடம்பு குளிரும், குளிச்சிட்டு தலைய துவட்டுறதுக்குள்ள ஜாக்கெட் மறுபடி நனைஞ்சிடும். மத்தியானம் கடல்காத்து உள்ள வந்துடுச்சுன்னா தப்பிச்சோம். மேக்காத்து பலமா அடிக்கிற அன்னைக்கு கடல்காத்தால உள்ள வரவே முடியாது, அன்னைக்குத்தான் நமக்கும் 40அ தாண்டும். 2003 மே 31ல நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி போச்சே, அத நான் வருஷா வருஷம் எடுத்து போடுவேன், அக்காவும் வருஷா வருஷம் "அது ஒரு நாள் கதைடி"ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க.

இந்த வருஷம் பேச்சு பானைல போய் நின்னுது. அக்கா வீட்டு மண்பானைத் தண்ணி குடிச்சா பல்லு கூசுமாம். நானும் புதுப் பானை வாங்கி, ஒரு நாள் முழுக்க தண்ணில ஊறப்போட்டு, தட்டுல மணல பரப்பி அதுமேல உக்கார வச்சு, ஈரத்துணிய சுத்தி எல்லாம் செஞ்சேன், தண்ணி சூடா இல்ல அவ்ளோதான், ஜில்லுனும் இல்ல. க்ரூப்ல போட்டேன். பானை சரியா வேகலன்னு ஒருத்தர், மணல் பத்தலன்னு ஒருத்தர், மூடி சரியில்லன்னு இன்னொருத்தர். துபாய் தம்பி ஏசி மெக்கானிக், வேலைக்கு போற வண்டில இருந்தே வாய்ஸ் நோட் போட்டான். "அக்கா, பானை மேல கசியுற தண்ணி ஆவியா போறப்போ உள்ள இருக்குற சூட்டையும் இழுத்துக்கிட்டு போவுது. வேலூர் காத்து காஞ்ச காத்து, டக்குன்னு இழுத்துரும். உங்க ஊரு காத்துல ஈரம், மெதுவாத்தான் இழுக்கும். அடுப்படிலேர்ந்து எடுத்து ஜன்னலோரமா காத்து படுற மாதிரி வைங்க." நான் வேர்வைக்கு சொன்ன அதே கதைதான், பானைக்கும் அதேன்னு எனக்கு தோணவே இல்ல பாருங்க. தூக்கி ஜன்னலோரம் வச்சேன், சாயங்காலத்துக்குள்ள வித்தியாசம் நல்லா தெரிஞ்சுது. அக்கா உடனே "சோப்பு போட்டு கழுவிடாத, தேங்கா நாரு போதும், பானையோட கண்ணு அடைச்சுக்கும்"னு ஒரு வரி சேத்தாங்க. 

அந்த தம்பிக்கு அங்க மே மாசம்லாம் வெறும் ஆரம்பம். ஜூன் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் பன்னெண்டரைலேர்ந்து மூணு மணி வரைக்கும் வெளி வேலை செய்யக் கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு, அப்ப அந்த வெயில் எப்டி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. மொட்டைமாடி டேங்க் தண்ணி கொதிக்குமாம், அதனால எல்லாரும் பாத்ரூம் ஹீட்டர ஆஃப் பண்ணிடுவாங்களாம், ஹீட்டர்ல தேங்கி நிக்குற தண்ணிதான் ஆறிப்போய் இருக்கும், அத தொறந்துதான் குளிக்கிறது, பச்சத்தண்ணி குழாய்ல வர்றது சுடுதண்ணி. ராம்நாட்டுப் புள்ள, அங்கயும் வெயில், இங்கயும் வெயில். சாயங்காலம் அவன் ஆன்லைன் வரலன்னா "தம்பி தண்ணி குடிச்சியா"ன்னு யாராவது ஒருத்தர் கேட்டுடுவோம். ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு கட்டைவிரல் வரும். அது வந்தாத்தான் அக்கா குட்நைட் போடுவாங்க.

டொரண்டோ அக்கா யாழ்ப்பாணத்துக்காரங்க. நாங்க இங்க வெந்துக்கிட்டு இருக்கும்போது அவங்க "இஞ்ச இண்டைக்கு 22, நல்ல வெயில், பிள்ளையள் எல்லாம் வெளியில நிண்டு விளையாடுதுகள்"னு எழுதுவாங்க. பகல்ல 22ங்கறது எங்களுக்கு மார்கழிலயே அபூர்வம்! ஆனா அவங்க சந்தோஷம் எங்களுக்கு தொத்திக்கும். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ள ஜன்னலோரம் வச்சு காப்பாத்துன கறிவேப்பிலைச் சாடிய வெளில எடுத்து வைக்கிற போட்டோ வரும், மொட்டையா ரெண்டு குச்சி, நுனில நாலு எலை. "விக்டோரியா டே லோங் வீக்கெண்ட் முடியாம தக்காளிக் கண்டு நடமாட்டன், ராவில பனி உறைஞ்சா எல்லாம் பட்டுப் போயிடும்"னு சொல்லுவாங்க. மே கடைசிக்கு பக்கத்துல வர்ற லீவு அது. ஆகஸ்ட்ல அந்த ரெண்டு குச்சி புதராகி நிக்குற போட்டோவுக்கு நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருப்போம்.

ஒருத்தர் போன வருஷம் "இங்க உருப்படியா ஒண்ணும் பேசுறதில்ல, வெறும் வெட்டிப் பேச்சு"ன்னு எழுதிட்டு க்ரூப்ப விட்டு கிளம்பிட்டார். எனக்கு அது இன்னும் மனசுல உறுத்திக்கிட்டு இருக்கு. எது உருப்படியான பேச்சு? நாட்டு நடப்ப பேச ஆயிரம் இடம் இருக்கு. எங்க வீட்டு மோட்டார் காத்து வாங்கிடுச்சு, பைப்புல தண்ணி ஏறலன்னு சொன்னா மூணு நாடுலேர்ந்து ஆறு பேரு கவலப்படுறதுக்கு எங்க இடம் இருக்கு? இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேக்குறது கொழம்ப தெரிஞ்சுக்கவா, நீ எந்திரிச்சு சமைக்கிற அளவுக்கு நல்லா இருக்கியான்னு தெரிஞ்சுக்கத்தான். 

கோவைக்காரி விஷயம் சொல்றேன். தை மாசம் அவ வீட்டுக்காரர் தவறிட்டாரு. எங்க வயசுதான். நாங்க போன்ல பேசுனோம், முடிஞ்சவங்க நேர்ல போனாங்க, அதுக்கப்புறம் அவ க்ரூப்ல ஒரு வார்த்த எழுதல. எல்லா மெசேஜுக்கும் ரெண்டு நீல டிக் விழும், அத வச்சு படிக்கிறான்னு மட்டும் தெரியும். அவளுக்காக பேச்ச நிறுத்தணுமா, சிரிப்பு ஸ்டிக்கர்லாம் போடலாமான்னு எங்களுக்குள்ள தனியா பேசிக்கிட்டோம், வேலூர் அக்காதான் "நிறுத்தாதீங்க, அவ படிக்கிறா இல்ல, நாம பாட்டுக்கு பேசுவோம்"னாங்க. பங்குனி போச்சு, சித்திரையும் பாதி போச்சு. ஒரு நாள் மத்தியானம் அவகிட்டேர்ந்து வந்துது. "அக்கா, ஜவ்வரிசி ஒரு ஆழாக்குக்கு எத்தன தண்ணி வைக்கணுங்க?"

அவளுக்கு தெரியாத வடாமா? எங்க எல்லாருக்கும் ஜவ்வரிசி வடாம் சொல்லிக் குடுத்ததே அவதான். யாரும் அத சொல்லல. "எப்டி இருக்க"ன்னும் யாரும் கேக்கல. அக்கா அஞ்சுன்னாங்க, நான் ஆறுன்னேன், ராத்திரியே ஊறப்போட்டா அஞ்சே போதும்னு டொரண்டோ அக்கா, அங்க நடுராத்திரி தாண்டியாச்சு அப்போ, அவங்க முழிச்சிருந்து எழுதுனாங்க. அப்புறம் உப்புல சண்டை வந்துது. கூழுல ருசி பாத்து சரியா இருக்குன்னு விட்டா காஞ்சதுக்கப்புறம் வாயில வைக்க முடியாது, அதனால அர உப்புதான் போடணும்னு நான் சொல்ல, பச்சமிளகாய உப்பு சேத்து அரைச்சா அந்த உப்பையும் கணக்குல எடுத்துக்கணும்னு அக்கா சொல்ல, எலுமிச்சம்பழத்த அடுப்புல இருக்கும்போது புழியக்கூடாது, எறக்கி ஆறுனப்புறம்தான்னு கடைசில அவளே எழுதுனா. "பெருங்காயம் கட்டிய ஊறவச்சு ஊத்துங்க, பொடி வேண்டாங்க"ன்னு இன்னொண்ணு. சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு அந்த பேச்சு. 

மறுநாள் காலைல ஏழு மணிக்கு மொட்டைமாடி போட்டோ. வெள்ள வேட்டிய விரிச்சு நாலு மூலைலயும் செங்கல் வச்சு, வரிசையா வடாம், ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி, ஓரத்துல காக்காவுக்கு ஒரு கருப்பு குடை. யாரு வேட்டின்னு எங்க எல்லாருக்கும் தெரியும். அக்கா மட்டும் எழுதுனாங்க. "நாளைக்கு உரிக்கும்போது துணிக்கு பின்பக்கம் தண்ணி தெளிச்சு உரி கண்ணு, வேட்டி கிழிஞ்சிடாம பாத்துக்கோ." அவ "சரிங்க்கா"ன்னு போட்டா. அன்னைலேர்ந்து தினம் எழுதுறா.

இப்ப எல்லார் பார்வையும் தென்காசி அண்ணாச்சி மேலதான். கேரளாவுல மழை ஜூன் 1 வாக்குல இறங்கணும், இறங்குனா ஆரியங்காவு கணவாய் வழியா காத்து இந்தப் பக்கம் வரும், கூடவே சாரலும் வரும், குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சுடும். மே 20 தாண்டுனதுமே "அண்ணாச்சி, காத்து திரும்பிருச்சா"ன்னு ஆளு மாத்தி ஆளு கேக்க ஆரம்பிச்சிடுவோம். அவரு பொறுமையா "இன்னும் இல்ல பாத்துக்கிடுங்க, மலை மேல மேகம் கூடுது, எறங்கல"ன்னு எழுதுவாரு. பாறையா கெடக்குற மெயின் அருவி போட்டோ போடுவாரு. அதையும் நாங்க பெருசாக்கி பாப்போம், ஓரமா எங்கயாச்சும் ஈரம் தெரியுதான்னு.

துபாய் தம்பிக்கு ஜூலைல லீவு கிடைக்குது. அதனால ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவ குத்தாலத்துல சேந்துடணும்னு முடிவு பண்ணியாச்சு, ரூம் பாக்குறது அண்ணாச்சி பொறுப்பு. ஐந்தருவில பொம்பளைங்க குளிக்க தனி இடம் இருக்கு, அங்க காலைல வெள்ளனவே போயிட்டா நெரிசல் இருக்காதாம். வேலூர் அக்கா பஸ்ஸா ட்ரெயினான்னு இன்னும் முடிவு பண்ணல, அவங்களுக்கு கீழ் பெர்த் வேணும். கோவைக்காரி வரேன்னு சொல்லிட்டா. வடாம் அவ கொண்டு வர்றா, வறுக்க எண்ணெயும் கடாயும் அண்ணாச்சி வீட்ல இருந்து.