நான் அமுக்காத பட்டன்

"அண்ணா, ஒரு மெசினை மட்டும் மாத்திப்போட்டு, பிள்ளையள் ரெண்டு கிழமை பாவிக்கட்டுமே?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். 2018இல். நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது. "என்ர மெசினில பாத்தாச்சுத்தானே தங்கச்சி, இனிட் எண்டுறது ஒரு சின்னச் சாமான்." இனிட் என்றால் மெசின் எழும்பும்போது முதலில் ஓடி மற்றதையெல்லாம் தொடக்கிவிடும் நிரல்.

கல்லடியில் அந்தக் கணினிக்கூடத்தின் 14 மெசினையும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்திலிருந்து, அதில் இருந்து பிரிந்த டெவுவனுக்கு மாற்ற ஒற்றைக்காலில் நின்றவன் நான். யாராவது ஏன் என்று கேட்டால் 2014இல் இருந்து தொடங்குவேன்: டெபியன் சிஸ்டம்டி என்ற இனிட் பக்கம் போனது, பிடிக்காதவர்கள் அந்த வருடமே டெவுவன் என்று பிரிந்தது, எல்லாம். உள்ளே இருந்த காரணம் அதைவிடச் சின்னது. காலையில் நாலைந்து மெசின்கள் எழும்பும்போது 90 செக்கன் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கும், அந்த எரிச்சல். (டிஸ்க் மாற்றியபோது எழும்பும்போது எந்த டிஸ்க் பகுதிகளைத் தேடுவது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் பட்டியலில், இப்போது இல்லாத பழைய ஸ்வாப் பகுதியின் வரியை அழிக்க மறந்தது நானே என்பது பிறகு தெரிந்த கதை.)

மாற்றிய மறுநாளே வகுப்பெடுக்கும் சேர் கோல் எடுத்தார். ஓஃப் பட்டன் மங்கிக் கிடக்குது, பென் டிரைவ் போட்டால் அனுமதி இல்லை என்கிறது. நான் போவதற்குள் பிள்ளைகள் பிளக்கையே இழுத்து ஓஃப் பண்ணத் தொடங்கியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அந்தப் பட்டன் வேலை செய்ய, மெசினுக்கு முன்னால் இருப்பது யார் என்று, யாருக்கு எதற்கு அனுமதி என்று தீர்மானிக்கும் போல்கிட்டுக்குத் தெரியவேண்டும். அதைச் சொல்லிக்கொண்டிருந்தது சிஸ்டம்டியோடு வந்த, யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று கவனிக்கும் லொகின்டி. சிஸ்டம்டியைக் கழற்றினால் அதுவும் போய்விடும். டெவுவன் 2இல் அந்த இடத்துக்கு இலொகின்டியும் வரலாம், கன்சோல்கிட்டும் வரலாம், ஆனால் போல்கிட்டை அதோடு இணைக்கும் பின்பக்கப் பொதியும் அதே சோடியாக இருக்கவேண்டும். நான் செஷனுக்கு இலொகின்டி போட்டு, போல்கிட்டுக்குக் கன்சோல்கிட் சோடியை விட்டிருந்தேன். எந்தப் பொதியும் ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது.

என் மெசினில் பார்த்தேன் என்றது பொய்யில்லை. ஆனால் நான் எப்போதும் டெர்மினலில் நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கட்டளை போட்டுத்தான் ஓஃப் பண்ணுவேன். அந்தப் பட்டனை வாழ்க்கையில் அமுக்கியதில்லை. இரண்டு கிழமை எதற்கு, முதல் நாள் வகுப்பு முடியும்போதே அந்த ஒரு மெசின் காட்டிக் கொடுத்திருக்கும்.

திருத்த ஒரு பின்னேரம்தான் போனது, அப்புறம் நன்றாகவே ஓடின, ஒன்றும் அழியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி வைத்தது சிஸ்டம்டிக்காரர் பிழை, கழற்றிப் பார்த்தவன் பிழையா என்றும் கேட்பேன். அன்று அவளிடமும் கேட்டேன். "ஓம் அண்ணா" என்றாள், அவ்வளவுதான். ஆனால் சிஸ்டம்டி எல்லாவற்றோடும் இறுக்கமாகக் கட்டியிருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நானே, பிறகு எப்படி இனிட் சின்னச் சாமானாகும்? அவளை வாயடைக்கத்தான் அப்படிச் சொன்னேனோ என்று இப்போது படுகிறது. இல்லை, உண்மையிலேயே நம்பினேனோ, தெரியாது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மெசின்கள் எல்லாம் புதிது. மூன்றாவது மேசைக்குக் கீழே, பிளக்கை இழுத்து இழுத்துக் கழன்ற சொக்கற் மட்டும் இன்னும் கறுப்பு டேப்பில் தொங்குகிறது.