தடைக்காலத்துச் சோறு

ஏப்ரல் 15

தடை ஆரம்பித்துவிட்டது. ஜூன் 14 முடிய 61 நாள். காசிமேட்டில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. கடைசி நடையில் இவர் பங்குக்கு வந்த வாளையைக் கீறி, உப்பு வைத்து, மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டாயிற்று.

அத்தை தட்டில் பாதிச் சோறு அப்படியே திரும்பியது. காக்காய்க்கு வைத்தேன்.

ஏப்ரல் 17

அத்தையின் ரிப்போர்ட் வரவில்லை.

ஏப்ரல் 20

காலையில் அரிசி அளக்கும்போது இவர் வந்து பின்னால் நின்றார். கடலுக்குப் போகாத ஆள் வீட்டில் இருந்தால் கண் அடுப்படி வரைக்கும் வரும். "அம்மாவுக்கு எதுக்கு முழு ஆழாக்கு? அரை போடு. வீணாத்தானே போவுது" என்றார்.

போடமாட்டேன். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அரிசி டப்பாவில் கிடப்பது அத்தையின் பித்தளை ஆழாக்கு. விளிம்பில் ஒரு இடம் நசுங்கியிருக்கும். பெரியவர்களுக்குத் தலைக்கு ஒன்று, பெரியவனுக்கு ஒன்று, பாப்பாவுக்கு அரை. ஒரே உலை, மதியத்துக்கும் ராத்திரிக்கும் சேர்த்து. அளவு சொல்லிக்கொடுத்ததே அத்தைதான். படுத்துக்கொண்டிருந்தாலும் அளக்கிற சத்தம் அவர் காதில் விழும். குறைந்தால் எண்ணிவிடுவார். எண்ணிவிட்டு என்ன நினைப்பார்?

பக்கத்து வீட்டு அக்கா வேறு மாதிரி. "ரேஷன் அரிசிதானே, போனா போவுது" என்கிறார். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. 20 கிலோவை வரிசையில் நின்று வாங்கி, புடைத்து, கல் பொறுக்கித்தான் டப்பாவில் போடுகிறேன். காசு கொடுக்கவில்லை என்பதற்காகக் கொட்டிவிட முடியுமா? அளவையும் குறைக்கமாட்டேன், ஒரு பருக்கையையும் கொட்டமாட்டேன்.

இன்றிலிருந்து அத்தைக்கு முதலில் ஒரு கரண்டிதான். கேட்டால் அடுத்த கரண்டி. தட்டுக்கு வந்து திரும்பினால் எச்சில். குண்டானில் இருக்கிற வரைக்கும் அது சோறு.

ஏப்ரல் 22

சிலிண்டரை ஈரத்துணியால் சுற்றித் துடைத்துப் பார்த்தேன். மேல்பக்கம் சட்டென்று உலர்ந்துவிட்டது, கீழே ஈரம் நின்றது. உள்ளே கேஸ் எந்த மட்டத்துக்கு இருக்கிறதோ அதுவரைக்கும் ஈரம் மெதுவாகத்தான் காயும். பாதிக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. இவர் கையில் பணம் புரளும்வரை இது ஓடவேண்டும். துவரம்பருப்பை இனி ராத்திரியே ஊறப்போட வேண்டும். அரிசியும் அரைமணி நேரம் ஊறட்டும். பர்னர் ஓட்டைகளை ஊக்கு வைத்துக் குத்தி விட்டேன், மஞ்சளாக எரிந்தது இப்போது நீலமாக எரிகிறது.

ஏப்ரல் 23

பீர்க்கங்காய்த் தோல் துவையல். காயை விடத் தோலுக்குத்தான் இந்த வீட்டில் கிராக்கி.

ஏப்ரல் 27

மீந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் வைத்து, காலையில் எங்கள் நாலு பேருக்கும் சின்ன வெங்காயம், சுட்ட வாளைக் கருவாடு. வலை பின்னப் போகிறவருக்கு நீராகாரம் ஒரு பாட்டிலில். பாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டாள், கருவாட்டைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள். நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே டாக்டர்கள் பழைய சோற்றை வைத்துக் குடல் நோய்க்கு ஆராய்ச்சி செய்கிறார்கள், நமக்கு என்ன குறை என்று பெரியவனிடம் சொன்னேன்.

அத்தைக்கு மட்டும் கொடுக்கவில்லை. இந்த வெக்கையில் விடிவதற்குள் புளிப்பு ஏறிவிடுகிறது, அவருக்குத் தொண்டை எரியும். நூல் விட்டாலோ வாடை மாறினாலோ நாங்களும் தொடக்கூடாது. சிக்கனம் என்று சொல்லி வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் மருந்துக்கு யார் கொடுப்பது?

ஏப்ரல் 30

ரிப்போர்ட் வந்தது. இவர் வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ரேஷனில் பாம் ஆயில் போட்டுவிட்டார்கள். லிட்டர் 25 ரூபாய்.

மே 1

தூக்கம் இல்லை. விடியற்காலையில் எழுந்து மளிகை டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தேன். கடுகு, வெந்தயம், மிளகு எல்லாம் அடியில் கொஞ்சம் கொஞ்சம். இருக்கிறது, போதும்.

மே 4

கத்திரி ஆரம்பம். வடகத்துக்கு இதை விட்டால் வேறு வெயில் ஏது?

இரண்டு நாளாகச் சேர்ந்த அத்தை பங்குச் சோறு தண்ணீரில் இருந்தது. ஒட்டப் பிழிந்து, உப்பு, பச்சைமிளகாய், சீரகம் வைத்து அம்மியில் அரைத்தேன். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும். அரைத்த விழுது கையில் ஒட்டாமல் உருண்டு வரவேண்டும். பொடிசாக அரிந்த சின்ன வெங்காயத்தைச் சேர்த்து, இவருடைய பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, கிள்ளிக் கிள்ளி வைத்தேன். கடைசியில் கை கழுவின தண்ணீரையும் ரசத்தில் ஊற்றிவிடலாமா என்று பார்த்தேன், அதில்தான் உப்பு இருக்கிறதே.

இந்தப் பக்கம் மாடியில் எதைக் காயவைத்தாலும் கண்டெய்னர் லாரிப் புழுதி வந்து உட்காரும். கடல் காற்றும் ஈரம். அதனால் மேலே மெல்லிய புடவை ஒன்றைக் கட்டி நிழல் விழாதபடி இழுத்துவிட்டேன். மதியம் மூன்று மணிக்குப் புடவையைத் தூக்கிப் பார்த்தால் மேல்பக்கம் வெளுத்து, அடியில் இன்னும் ஈரம். நாளைக்கும் நாளன்றைக்கும் காயவேண்டும். வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால்தான் உதிராமல் உரியும்.

விழுதில் ஒரு துளி அத்தை நாக்கில் வைத்தேன். "உப்பு பத்தல மே" என்றார். சேர்த்தேன்.

மே 7

வடகம் காய்ந்து கலகலவென்று இருக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று நிறைந்தது.

மே 9

தடைக்கால நிவாரணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை. 8,000 ரூபாய் வரும் என்று இவர் அதற்குள் நாலு பேருக்குப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார். சிலிண்டரைத் துடைத்தேன். ஈரம் கால்வாசியில் நிற்கிறது. வீட்டில் கரண்ட் அடுப்பு ஒன்று இருக்கிறது, இலவச யூனிட்டுக்குள் நிற்குமா என்றுதான் யோசனை. பால் காய்ச்சவும் அத்தைக்குக் கஞ்சி வைக்கவும் மட்டும் அதை எடுக்கலாம்.

மே 13

அத்தைக்குக் கிழங்கான் ஆசை. ஃபைபர் படகுக்குத் தடை இல்லை என்பதால் கொஞ்சம் வருகிறது, ஆனால் விலை கேட்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடலாம். வாங்கினேன். தலையை எறியவில்லை, குழம்பில் போட்டேன். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் மீனைக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். முள் எடுத்து, சோற்றோடு மசித்துக் கொடுத்தேன். இரண்டாவது கரண்டி கேட்டார்!

மே 14

இன்று ஒரு கரண்டியும் இறங்கவில்லை.

மே 19

தர்பூசணித் தோலின் வெள்ளைப் பகுதியில் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு. பெரியவன் சாப்பிடாமல் எழுந்துபோனான். தட்டில் வைத்ததை விட்டுவிட்டு எழுந்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கத்திவிட்டேன். உள்ளே ஒருவருக்கு விழுங்க முடியவில்லை, இவன் விழுங்க மாட்டேன் என்கிறான்.

ராத்திரி அவனே வந்து, சட்டியில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டான்.

மே 23

"இன்னாமே, இன்னும் எனக்கு முழுசா அளக்கற?" என்று அத்தை கேட்டுவிட்டார். "ஆமாம் அத்தை. உங்க பங்குலதான் புள்ளைங்களுக்கு வடகம். நீங்க சாப்புட்டா வடகம் கம்மி, அவ்வளவுதான்" என்றேன். சிரித்தார். அப்புறம் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, ஒன்றை வாயில் வைத்து ஊறவைத்துப் பார்த்தார். உப்பு சரி என்றார்.

மே 27

கத்திரி முடியப்போகிறது, இன்னும் ஒரு ஈடு வடகம் மாடியில் காய்கிறது. சிலிண்டரில் ஈரம் நிற்கவே இல்லை. புக் பண்ணச் சொல்லிவிட்டேன். நாளைக்கு ஸ்டான்லிக்கு ஏழு மணிக்கெல்லாம் கிளம்பவேண்டும், பாப்பாவை அக்கா பார்த்துக்கொள்வார். உலையை ஐந்தரைக்கே வைத்துவிட வேண்டும்.