கொண்டாந்தான் பாட்டி

"ஜப்பான்காரன் இங்க தோட்டத்து ஆளுங்களைக் கொண்டாந்தானா தம்பி?" என்று பாட்டி கேட்டார்.

"கொண்டாந்தான் பாட்டி" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். சொல்லி முடிக்க இரண்டு விநாடி ஆகியிருக்குமா? 2018இல் சொன்னது. வேன் ஓட்டும்போது, பல் விளக்கும்போது, சம்பந்தமே இல்லாமல் அந்தக் கேள்வி வந்து நிற்கும். நானும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதிலாகச் சொல்லிப் பார்ப்பேன். 'தெரியல பாட்டி.' 'அப்படி நான் கேள்விப்பட்டதில்ல பாட்டி.' 'உங்க பக்கத்து ஆளுங்களைச் சயாமுக்குல்ல கொண்டுபோனாங்க.' எல்லாமே நல்ல பதில்கள்தான். அன்றைக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

பினாங்கில், பத்து மாவுங் கோட்டையில் சுரங்க வாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு அன்று அது இரண்டாவது குழு. சுங்கைப்பட்டாணியிலிருந்து வந்த குடும்பம், ஒன்பது பேர். குனிந்து போய், அப்புறம் ஊர்ந்து போகிற பகுதிக்குள் மற்றவர்கள் சிரித்துக்கொண்டே நுழைந்துவிட்டார்கள். பாட்டிக்கு எண்பது வயது, முட்டிவலி. அவரையும் ஒரு பேத்தியையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நாலு மணிக்குப் பாம்புக் கோயில், ஆறு மணிக்குள் பாலம் ஏறியாக வேண்டும், டிரைவர் கீழேயிருந்து இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று காட்டத்தான். இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

நான் அப்போது இருந்த சுற்றுலா நிறுவனத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: வாடிக்கையாளர் கேட்டால் 'தெரியாது' என்று சொல்லாதே. தெரியாது என்று சொல்கிற வழிகாட்டிக்கு யார் காசு கொடுப்பார்கள் என்பார்கள். அந்த மலைக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயரே புக்கிட் ஹந்து, பேய்மலை. அதனால் நமக்கு வேலை சுலபம். எந்த அறையில் யார் அழுகிற சத்தம் கேட்கும், ராத்திரி எந்தப் படியில் பூட்ஸ் சத்தம் வரும் என்று வாய்க்கு வந்ததை அடித்துவிடலாம், ஒருத்தரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். நானே ஒரு பூட்ஸ் சத்தத்தை உண்டாக்கி வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து இன்னொரு வழிகாட்டி அதே சத்தத்தை, நான் சொன்ன அதே படியில், தன் காதால் கேட்டதாக என்னிடமே சொன்னார்.

ஆனால் எல்லாமே புளுகு இல்லை. ஒரு கதையை மட்டும் நான் தேடிப் படித்து, தேதியெல்லாம் சரிபார்த்துச் சொல்வேன். வெள்ளைக்காரன் 1930களில் இந்தக் கோட்டையைக் கட்டி, பீரங்கியைக் கடலைப் பார்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஜப்பான்காரனோ கோத்தா பாருவிலும் சயாம் கரையிலும் இறங்கி, கெடா வழியாகத் தரையிலேயே வந்துவிட்டான். 1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்தபோது நம் ஜனங்கள் ஓடி ஒளியவில்லை, ஏதோ விமானச் சாகசம் என்று தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அப்படிச் செத்தவர்கள் ஏராளம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளைக்காரக் குடும்பங்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்த பினாங்குக்கு வந்து நின்றவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, யாழ்ப்பாணத் தமிழர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றினார். இங்கே ராணுவம் இல்லை, இனிக் குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் சொல்ல வைத்தார். டிசம்பர் 19ஆம் தேதி ஜப்பான்காரன் உள்ளே வந்தான். பின்னால் அவரையே பிடித்து ஜெயிலில் போட்டான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கே உடம்பு நிமிரும். கேட்கிறவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூட்ஸ் சத்தம் என்றதும் தலை நிமிரும்.

சரி, பாட்டிக்கு வருகிறேன்.

நான் 'கொண்டாந்தான்' என்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றினார். சுரங்கச் சுவரில் உள்ளங்கையை அகலமாக வைத்தார். அந்தச் சுவர் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும், தொட்டால் சுண்ணாம்பு ஒட்டும். கையை எடுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். பிறகுதான் பேசினார். அவருக்கு ஐந்து வயதில் அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை, முடிந்ததும் வந்துவிடலாம் என்று தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற தண்டல் சொன்னாராம். சயாமுக்கு என்று சொன்னவர்களும் உண்டு, இல்லை பக்கத்தில்தான் எங்கேயோ கோட்டை வேலைக்கு என்று சொன்னவர்களும் உண்டு. அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை, திதியும் கொடுக்கவில்லை. "முகம் ஞாபகமில்ல தம்பி. லாரியில ஏறுனப்ப முதுகுதான் தெரிஞ்சது. சட்டை போடல."

பேத்தி கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை வாங்கினார், சின்னப் போத்தல், பாதிதான் இருந்தது. சுரங்க வாயில் குனிந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "தாகத்தோட போயிருப்பாரு" என்றார். தண்ணீர் சரிவில் ஓடி என் சப்பாத்து வரைக்கும் வந்தது. நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். 'பாட்டி, நான் சும்மா சொன்னேன்' என்று ஒரு வாக்கியம். ஆனால் எண்பது வயதுக்காரர் செருப்பில்லாமல் குனிந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது அதை எந்த வாயால் சொல்வது? எழுபத்தைந்து வருஷமாக அழ ஒரு இடமில்லாமல் இருந்தவருக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அது எங்கே இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது. பேய்க் கதை சொல்லிக் காசு வாங்கினேனே, அதற்கு இது எவ்வளவோ மேல்.

வேறு சில நாள் இப்படித் தோன்றும்: பேய்க் கதையைக் கேட்டவர்கள் யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூஜையறையில் வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா கதையைப் பாட்டி முன்கூட்டியே சொல்லியிருந்தால் அப்படிப் பதில் சொல்லியிருக்க மாட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். என் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். அது உண்மையில்லை. காலையில் பட்டர்வொர்த்தில் அவர்களை ஏற்றும்போதே பேத்தி முன் இருக்கையில் உட்கார்ந்து, "அண்ணே, பாட்டியோட அப்பா ஜப்பான் காலத்துல காணாமப் போனவரு, அதான் பாட்டி இங்க வரணும்னு சொன்னாங்க" என்று தெளிவாகச் சொன்னாள். நானும் "அப்படியாம்மா" என்றேன். அப்படியென்றால் பாட்டி கேட்ட கேள்வி எதைப் பற்றியது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். பாவம் என்று சொன்னேனா, நேரமாகிறது என்று சொன்னேனா என்பதைத்தான் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பேத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள். "அண்ணே, அங்க இறந்தவங்க பேர்ப் பட்டியல் எங்கயாச்சும் இருக்கா? தாத்தா பேரைப் பார்க்கணும்." முழுசாக ஒரு பதில் தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன். கடைசியில் அனுப்பியது: "அந்தக் காலத்துல தோட்டத்துலேர்ந்து பிடிச்சிட்டுப் போன நம்மாளுங்க பேரை முறையா யாரும் எழுதி வைக்கலம்மா."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால்தான் முதல் பொய்யைவிட இது என்னை அதிகமாக உறுத்துகிறது. முதலாவது வாய் தவறியது என்றாவது சொல்லிக்கொள்ளலாம், இது நிதானமாக உட்கார்ந்து, எழுத்துப்பிழை பார்த்து அனுப்பியது.

அதற்கடுத்த வருஷம் நான் மட்டும் தாய்லாந்தில், அந்தக் காலத்துச் சயாமில், இருக்கிற காஞ்சனாபுரிக்குப் போனேன். வேலை விஷயமாக ஹட்யாய் வரை போனவன், அப்படியே மேலே ஏறினேன் என்று வீட்டில் சொன்னேன். (ஹட்யாயிலிருந்து அது அப்படியே ஏறுகிற தூரமில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.) அந்த ஊர் வழியாக ஜப்பான்காரன் போட்ட சயாம் - பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி அடுத்த வருஷம் அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள், அதில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் போனவர்கள் போக, திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். ஊருக்கு நடுவில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசையாக, புல் வெட்டி, ஒவ்வொன்றிலும் பெயர்ப் பட்டயம், சிலதில் அம்மாவோ மனைவியோ எழுதிக் கொடுத்த ஒரு வரி. அந்தக் கைதிகளோடு அதே பாதையில் கல் சுமந்த நம் ஆட்களுக்கு அந்தத் தோட்டத்தில் இடமில்லை. தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு மணி நேரம் வரிசை வரிசையாக நடந்தேன். வெயில். குடிக்க வைத்திருந்த போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன், எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை, நானே குடித்துவிட்டேன்.

அங்கே நின்றபோதுதான் தோன்றியது. அன்றைக்கு 'சயாமாத்தான் இருக்கும் பாட்டி' என்று சொல்லியிருந்தால், பிள்ளைகள் ஒரு தடவையாவது அவரை இங்கே கூட்டிவந்திருப்பார்களோ? அந்த முட்டியோடு வந்திருப்பாரா? வந்திருந்தாலும் எந்த இடத்தைக் காட்டுவது? 415 கிலோமீட்டரில் எந்த மண்? பத்து மாவுங் என்றால் அரை நாள் வேலை, வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். இப்படி யோசித்து யோசித்து என்னை நானே விடுவித்துக்கொள்வேன், ஊருக்கு வருவதற்குள் மறுபடி மாட்டிக்கொள்வேன்.

அவர்கள் ஆடி அமாவாசைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். முதல் தடவை வந்தபோது நுழைவுச் சீட்டு, வேன் எல்லாம் நான்தான் ஏற்பாடு. எனக்குக் கூலி வேண்டாம் என்றேன், பாட்டி கேட்கவில்லை, 50 வெள்ளியை என் சட்டைப்பையில் திணித்தார். "நீதான் காட்டுன" என்றார். அந்த 50 வெள்ளியை நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், பெட்ரோல் போட்டேன். அப்புறம் தொற்றுக் காலத்தில் வரவில்லை, பாட்டியும் அதில் போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள், ஆனால் இருந்தது.

போன வருஷம் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை பாட்டிக்கும் சேர்த்து. பேத்தியின் மகனுக்கு ஏழு வயது இருக்கும். சுரங்க வாயில் நின்றுகொண்டு, கூட வந்த யாரோ ஒரு சீனப் பையனிடம் மலாயில் விளக்கிக்கொண்டிருந்தான். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பாவோ யாரோ, இங்கேதான் ஜப்பான்காரன் அடைத்து வைத்தான், தண்ணீர் கொடுக்கவில்லை, அதனால்தான் நாங்கள் தண்ணீர் கொண்டுவருகிறோம். அந்தத் 'தண்ணீர் கொடுக்கவில்லை' நான் சொன்னதில்லை. எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது, என் பூட்ஸ் சத்தம் மாதிரி. பையன் அழகாகச் சொன்னான், கை நீட்டி இடமெல்லாம் காட்டினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். திருத்தவில்லை. பேத்தியிடமாவது தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று பாலம் வரைக்கும் நினைத்துக்கொண்டே ஓட்டினேன், அவள் பின்னால் தூங்கிவிட்டாள்.

நேற்று அவளிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. இந்த வருஷம் சித்தப்பா குடும்பமும் வருகிறதாம், வேன் போதுமா, இல்லை பெரிய வண்டியாகப் பார்க்கணுமா என்று கேட்டிருக்கிறாள். ராத்திரி முழுக்கப் பதில் போடவில்லை. காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்து நீளமாக ஒன்று எழுதினேன், "தங்கச்சி, உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கி. அது இன்னும் அனுப்பாமல் கிடக்கிறது. அதற்குமுன் "மொத்தம் எத்தனை பேர்மா?" என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.