மண் பாக்டீரியாக்களின் புரத வெளியேற்றம்: தேர்வுக்குப் படித்த அனுபவம்

முதுநிலை நுண்ணுயிரியல் தேர்வில் பதினைந்து மதிப்பெண் கேள்வி ஒன்றுக்கு எனக்கு நான்கு மதிப்பெண்தான் கிடைத்தது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மண் பாக்டீரியா தன் அமைலேஸ் நொதியை எவ்வாறு வெளியேற்றுகிறது என்பதே கேள்வி. நானோ ஈ.கோலைக்கு மனப்பாடம் செய்திருந்த படத்தை அப்படியே வரைந்து, புரதத்தை மடியாமல் காக்கும் செக்-பி, இரு சவ்வுகளுக்கு இடையிலுள்ள பெரிபிளாசம், வெளிச்சவ்வு என வரிசையாகக் குறித்துவிட்டு வந்தேன். பேசில்லஸில் செக்-பி கிடையாது; வெளிச்சவ்வும் கிடையாது. படம் மட்டும் அழகாக இருந்தது.

அதன்பின், பாதைகளின் பெயரைத் தொடுவதற்கு முன் பாக்டீரியாவின் உறையை வரைவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பேசில்லஸ், ஸ்ட்ரெப்டோமைசஸ் ஆகியவற்றுக்கு ஒரே சவ்வும், அதற்கு வெளியே தடித்த பெப்டிடோகிளைக்கான் சுவரும் உண்டு. சூடோமோனாஸ், ரைசோபியம், அக்ரோபாக்டீரியம் ஆகியவற்றுக்கு இரண்டு சவ்வுகள். புரதம் எத்தனை தடைகளைக் கடக்க வேண்டும் என்பது தெளிவானால், பாதி விடை தானாகவே வந்துவிடும்.

அடுத்து அதிக நேரம் கொடுக்க வேண்டியது சமிக்ஞைப் பெப்டைடுக்கு. வெளியேற வேண்டிய புரதத்தின் முன்முனையில் பெரும்பாலும் இருபது முதல் முப்பது அமினோ அமிலங்கள் நீளத்தில் இருக்கும் இந்தப் பகுதி, நேர்மின்னேற்றமுள்ள தொடக்கம், நீரை வெறுக்கும் நடுப்பகுதி, வெட்டப்படும் இடத்தைக் கொண்ட முடிவு என மூன்று துண்டுகளாக அமைந்திருக்கும். நான் பத்துப் பதினைந்து புரத வரிசைகளைத் தாளில் எழுதி, லைசின், அர்ஜினினைச் சிவப்பிலும் லியூசின் போன்றவற்றை நீலத்திலும் குறித்து, அலனின், ஏதேனும் ஒன்று, மீண்டும் அலனின் என்று வரும் இடத்தில் ஒரு கோடு போட்டுப் பழகினேன். சில வரிசைகளில் இரண்டு அர்ஜினின்கள் அடுத்தடுத்து வரும். அவை, மடிந்த புரதங்களைக் கடத்தும் டாட் பாதைக்குரியவையாக இருக்கலாம் என்பது ஐந்தாறு வரிசைகளுக்குப் பின் கண்ணிலேயே பட ஆரம்பித்தது.

பெரும்பாலான புரதங்கள் வெளியேறும் பொதுவழியான செக் பாதையில் புரதம் மடியாத நூலாகச் செல்கிறது. செக்-ஏ என்ற இயக்கிப் புரதம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து அதைச் சவ்விலுள்ள செக்-ஒய்-ஈ-ஜி வாயிலுக்குள் தள்ள, மறுபக்கம் சமிக்ஞைப் பெப்டிடேஸ் அந்த முன்துண்டை வெட்டுகிறது. பேசில்லஸின் குரோமோசோமில் இத்தகைய வெட்டும் நொதிகளுள் முதல் வகை மட்டும் ஐந்து உண்டு. சவ்வின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும் பி.ஆர்.எஸ்-ஏ என்ற புரதம், வெளியே வந்த நூல் சரியாக மடிய உதவுகிறது. என் பழைய விடையில் இது இல்லவே இல்லை.

டாட் பாதை மடிந்து முடிந்த புரதத்தையே கடத்துகிறது. இதற்கு ஏடிபி தேவையில்லை, சவ்வின் இருபுறமும் புரோட்டான் அளவிலும் மின்னேற்றத்திலும் உள்ள வேறுபாட்டால் உண்டாகும் புரோட்டான் இயக்குவிசை போதும். உலோகத் துணைக்காரணிகளைச் செல்லுக்குள்ளேயே ஏற்றுக்கொண்டு மடிய வேண்டிய புரதங்களுக்கு வேறு வழியும் இல்லை. இதற்கு நான் மறக்காத எடுத்துக்காட்டு ஸ்ட்ரெப்டோமைசஸ் சீலிகலரின் அகரேஸ். அது டாட் வழியாக வெளியேறி அகரைக் கரைப்பதால், தட்டில் அயோடின் ஊற்றினால் காலனியைச் சுற்றி நிறம் ஏறாத வட்டம் தெரியும். அகரேஸின் சமிக்ஞைப் பெப்டைடுக்குப் பதிலாக வேறொரு புரதத்தினுடையதைப் பொருத்தி, அதுவும் டாட் பாதையைப் பயன்படுத்துகிறதா என்று ஆய்வாளர்கள் சோதிப்பது இந்த வட்டத்தைக் கொண்டுதான். சோதனையை விளக்கி முடிவைக் கேட்கும் கேள்விகளுக்கு இது மிகப் பொருத்தமான பயிற்சி.

முதல் வகை, இரண்டாம் வகை என்று எண்ணிட்ட சுரப்பு அமைப்புகளை, அதாவது புரதங்களை வெளியேற்றும் புரதத் தொகுதிகளை எல்லாம் ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. நான்காம் வகைக்கு அக்ரோபாக்டீரியம் ஒன்றே போதும்: விர்-பி தொகுதியின் பதினொரு புரதங்களும் விர்-டி4-உம் சேர்ந்து, டி.என்.ஏ.வைச் சுமக்கும் விர்-டி2-ஐயும், தனியாக விர்-ஈ2-ஐயும் தாவர செல்லுக்குள் செலுத்துகின்றன.

ஆற்றல் பற்றிய கேள்வியில் மட்டும் நிதானம் வேண்டும். சோடியம் அசைடு செக்-ஏவைத் தடுப்பதால் செக் பாதை நிற்கும் என்பது நேரடியான விடை. ஆனால் புரோட்டான் இயக்குவிசையை அழித்தால் டாட் மட்டுமே பாதிக்கப்படும் என்று எழுதிவிடக் கூடாது. செக் பாதையும் அந்த விசையின் உதவியைப் பெறுவதால், அதுவும் தளரும்.