ஜெனரேட்டர் குடித்த மழை

பர்மாவில் எங்கள் மோல்மேன் ஊரில் மழைக்காலம் எப்படியென்று தெரியும்தானே. போன வாரம் இரவு கரண்ட் போனது, ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துவிட்டது.

காலையில் மெக்கானிக் அண்ணன் வந்தார். ஸ்பார்க் பிளக்கைத் தொடவே இல்லை. டேங்க் குழாயைக் கழற்றி, அடியில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தார். இரண்டே நிமிடம். மேலே பெட்ரோல், கீழே இரண்டு விரல்கடை தண்ணீர், நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு.

"பெட்ரோல் லிட்டர் முக்கால் கிலோ, தண்ணீர் ஒரு கிலோ. எது அடியில் போகும்? இன்ஜினுக்குப் போற குழாயும் அடியிலதானே தம்பி இருக்கு!"

நானோ அதுவரை ரோட்டோரத்தில் பாட்டிலில் பெட்ரோல் விற்பவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அவர். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்து, அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது; அதைக் கவனிக்காமல் விட்டது நான்தான். போதாததற்குப் பாதி டேங்கோடு மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்தேன். காலியிடத்துக் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் தகரத்தில் வியர்த்து உள்ளேயே இறங்குமாம். நிறைத்து வைத்தால் வியர்க்க இடமில்லை. அதற்காக நிறைத்துவிட்டு மறந்தாலும் ஆகாது. பழைய பெட்ரோல் பிசினாகி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் பொடித் துளையை, அதாவது ஜெட்டை அடைக்கும். நெடுநாள் ஓட்டாவிட்டால் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும்.

புது ரப்பர் போட்டாச்சு. அந்தப் பாட்டிலைத்தான் அம்மா குடிதண்ணீர் என்று எடுக்கப் போனார். பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.